எண்ணங்களின் கணக்கு

அன்புள்ள ஐயா,

ஜெபிக்க முழங்காலிட்டவுடன் ஆண்டவரையே பழிக்கும் எண்ணங்கள் வருகின்றன. ‘எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறவர்களாயிருக்கிறோம்’ என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்று, வரும் ஒவ்வொன்றையும் நோட்டில் கோடு போட்டுக் குறிக்கிறேன். நேற்று 41. விசுவாசக் குறைவு என்கிறார்கள் சபையில். எந்த வசனத்தை மனப்பாடம் செய்தால் இது நிற்கும்? கதைகள் வாசிப்பதை விட்டுவிட வேண்டுமா? மனநல மருத்துவரைப் பார்த்தால் அது அவிசுவாசமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதைகளைத் தாராளமாக வாசியுங்கள். மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுகிறவரின் விசுவாசத்தை யாரும் அளப்பதில்லை. வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும், அதை அடக்க ஒரு சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்வதும் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த துன்பம்தான்.

அந்த நோட்டைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 41 என்று படித்ததும் கோபம் வந்தது. யார் உங்களிடம் கணக்குக் கேட்டது? 1 கொரிந்தியர் 13-ல் அன்பு ‘தீங்கு நினையாது’ என்று வாசிக்கிறோமே, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கிய சொல். அன்பு தீங்கைப் பேரேட்டில் ஏற்றாது. அந்த அன்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நீங்கள் பேரேடு எழுதுகிறீர்கள்! இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் ஒருவனை வெளிப்படுத்தின விசேஷம் காட்டுகிறது. அவன் வேலையை நீங்கள் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்?

பவுலின் வசனத்தையும் பாதியில் வெட்டாதீர்கள். அதன் முற்பகுதியில் தர்க்கங்களும் தேவனை அறிகிற அறிவுக்கு விரோதமாய் எழும்புகிற மேட்டிமையும் இருக்கின்றன. தம் ஊழியத்தை இழிவாகப் பேசியவர்களின் வாதங்களை எதிர்த்துக் கொரிந்து சபைக்கு அவர் எழுதியது அது. களைத்த மனதில் மின்னி மறையும் ஒவ்வொன்றுக்கும் விலங்கு மாட்டச் சொல்லவில்லை. எகிப்தின் பாலைவனத்தில் எண்ணங்களைக் கவனிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்து 399-ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, தீய எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தவர். அவை வந்து நம்மைத் தொல்லைப்படுத்துவது நம் கையில் இல்லை, அவற்றைத் தங்க விடுவதும் விடாததும்தான் நம் கையில் இருக்கிறது என்றார். துறவிக்கே அவ்வளவுதான் என்றால், உங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் ஒரு இரவு அவர் சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பாதி ஜெபத்தில், ‘சீக்கிரம் போய்விட்டால் தேவலை’ என்று உள்ளே ஒரு குரல். என் குரல்தான். ஆமென் கூடச் சொல்லாமல் எழுந்துவிட்டேன். அம்மா போன பிறகு நாலு வருஷம் தனியாக ஜெபிக்கவே இல்லை. சபையில் எல்லாரோடும் உதட்டை அசைப்பேன், அவ்வளவுதான்.

கடைசியில் வயதான போதகர் ஒருவரிடம் சொன்னேன். “இதை ஆண்டவரிடம் சொன்னாயா?” என்று கேட்டார்.

“அவர் முன்னால் எப்படி ஐயா சொல்வது?”

“அவர் முன்னால்தானே நினைத்தாய்.”

பிறகு வேதாகமத்தைத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார். ‘ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?’ இது 44-ஆம் சங்கீதம். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குகிறதுமில்லை தூங்குகிறதுமில்லை என்று 121-ஆம் சங்கீதம் சொல்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள்! தூங்குகிறீரா என்று கடவுளைக் கேட்டவனை யாரும் வெளியே தள்ளவில்லை. அவன் கேட்டதைச் சபை இன்றைக்கும் ஜெபமாக வாசிக்கிறது. அன்று இரவு அம்மாவைப் பற்றி நினைத்ததை வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன். தூங்கினேன்.

உங்களிடம் விசுவாசம் குறைவு என்றவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. விசுவாசம் இல்லாதவனுக்கு இந்த எண்ணங்கள் உறுத்தவே உறுத்தாது.

வசனம் கேட்டீர்கள் இல்லையா? ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ சங்கீதம் 70:1. எகிப்தின் துறவிகள் எந்த நேரமும் சொல்லிக்கொண்டிருந்த வரி என்று, அவர்களோடு வாழ்ந்த காசியன் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். இதைச் சொன்னால் எண்ணம் நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு, வந்த எண்ணத்தையும் அவரிடமே சொல்லுங்கள். எத்தனை தடவை சொன்னீர்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள்.