தைலமரம் நின்ற மண்ணைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: ஆலங்குடிப் பக்கம் 2 ஏக்கர் செம்புறை நிலம் வாங்கி, அங்கேயே சின்னதாக ஓட்டு வீடு கட்டி நானும் மனைவியும் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கரண்ட் இணைப்பு இல்லை, சோலார்தான். நிலத்தில் முன்பு தைலமரம் நின்றது. வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு 3 லோடு தென்னைநார்க் கழிவு கொட்டி உழுதோம். 15 நாளைக்கு ஒருமுறை ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்து ஊறவைத்த கரைசல்) விடுகிறோம். சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் சிவப்பாக ஓடிப் போகிறது. மண் பரிசோதனையில் கரிமச்சத்து 0.2 சதவீதம். ஒரு நாட்டு மாடு வாங்கினால் சரியாகுமா?

பதில்: தம்பி, மாடு இப்போது வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்த மஞ்சள் சோளத்தைப் பார்ப்போம்.

நீங்கள் கொட்டியது மக்காத நார்க்கழிவு. அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 100 பங்குக்கு மேல் கரிமம் இருக்கும். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும், நார்க்கழிவில் இருப்பது போதாது, அதனால் மண்ணில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அவை இழுத்துக்கொண்டன, சோளத்துக்கு மிஞ்சவில்லை. நானும் என் தோட்டத்தில் இதே தப்பைச் செய்து ஒரு போகக் கம்பை இழந்திருக்கிறேன். மக்க மக்க அந்தத் தழைச்சத்து மண்ணுக்கே திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். மேற்கொண்டு நார்க்கழிவு கிடைத்தால் உழுதுவிடாதீர்கள், மரக்கன்று ஓரத்தில் மேலே மூடாக்காகப் போடுங்கள்.

ஜீவாமிர்தம் உறைமோர் மாதிரி. பால் இருந்தால்தானே உறைமோர் வேலை செய்யும்? உங்கள் நிலத்தில் இன்னும் பால் இல்லை. தழை, சருகு, வேர், சாணம் என்று தின்ன எதுவும் இல்லாத மண்ணில் வெல்லமும் பயறு மாவும் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் இரண்டு நாள் பெருகி அப்புறம் செத்துப்போகும். அந்தச் செலவை நிறுத்துங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வேலியோரம் பழைய வேம்போ புங்கனோ இருந்தால் அதன் அடியிலிருந்து எலுமிச்சை அளவு மண்கட்டி ஒன்று, நிலத்தின் நடுவிலிருந்து ஒன்று எடுத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். நடுநிலத்துக் கட்டி குமிழி விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும், மரத்தடிக் கட்டி வெகுநேரம் உருவம் குலையாமல் உட்கார்ந்திருக்கும். மக்கின தழையின் பசைதான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. பசை இல்லாத மண் மழைத்துளி பட்டதும் கரைந்து, மேலே மெழுகினாற்போல் இறுகி, அடுத்த மழையை உள்ளே விடாது. ஓடுகிற சிவப்புத் தண்ணீருக்குக் காரணம் அதுதான்.

ஆகவே முதல் வேலை மழைத்தண்ணீரை ஓடவிடாமல் நிலத்திலேயே நிறுத்துவது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றாலே சுமார் 4,000 லிட்டர். 40 மில்லிமீட்டர் கொட்டினால் 1,60,000 லிட்டர், உங்கள் 2 ஏக்கருக்கு அது இரட்டிப்பு. இதை விட்டுவிட்டு எந்தச் சோலார் மோட்டாராலும் ஈடுகட்ட முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை இரவல் வாங்கி, சரிவுக்குக் குறுக்கே மட்டம் பிடித்து, ஆடி முடிவதற்குள் ஒன்றரை அடி உயர வரப்புப் போடுங்கள். வரப்பில் வெட்டிவேரும், இரண்டு அடிக்கு ஒரு கிளைரிசிடியா என்ற தழைமரத்தின் போத்தும் (கிளைத்துண்டு) ஊன்றுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து வெட்ட வெட்டத் தழை கிடைக்கும்.

2 ஏக்கரையும் ஒரே மூச்சில் திருத்தப் பார்க்காதீர்கள், கையும் காசும் தாங்காது. வீட்டை ஒட்டிய 50 சென்ட் முதலில். மீதி ஒன்றரை ஏக்கரில் கொழிஞ்சி என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்துவிடுங்கள். கசப்பினால் ஆடுமாடு அதை மேயாது, வேலி இல்லாத நிலத்துக்கு அதுதான் பொருத்தம், ஒருமுறை காய்த்து உதிர்ந்தால் வருடாவருடம் தானே முளைக்கும். விதைத்தோல் கெட்டி, ஆற்றுமணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்து விதைத்தால் சேர்ந்தாற்போல் முளைக்கும்.

50 சென்ட்டில் ஆவணி மழைக்குப் பலதானியம். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொன்ன முறைதான்: சோளம், கம்பு, தினை, சாமை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, எள், ஆமணக்கு, சணப்பை, தக்கைப்பூண்டு, கொஞ்சம் கடுகு, கொத்தமல்லி எல்லாம் கலந்து 10 முதல் 12 கிலோ. சணப்பை, தக்கைப்பூண்டு மாதிரி சிலதைத் தவிர மற்றதை விதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை, மளிகையில் முளைக்கிற தானியமாகப் பார்த்தாலே போதும். பூவெடுக்கும்போது, 50, 60 நாளில், ஈரம் இருக்கையில் மடக்கி உழுது, இரண்டு வாரம் கழித்துக் கொள்ளு தெளியுங்கள். நிலக்கடலை ஆசை உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது வேரோடு பிடுங்கி எடுக்கிற வெள்ளாமை, நிலம் வெறுமையாகிவிடும். இரண்டு வருடம் தள்ளிவையுங்கள்.

கரிமச்சத்து எப்போது ஏறும் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மண் ஏறக்குறைய 900 டன். 0.2 என்பதை 0.5 ஆக்க, அதில் 2,700 கிலோ கரிமம் நிலையாகத் தங்க வேண்டும். 8 டன் பசுந்தாள் மடக்கினாலும் காய்ந்தால் 1,600 கிலோதான், அதில் கரிமம் 600 சொச்சம், அதிலும் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் காற்றோடு போய்விடும். அதனால் பல வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்பே தெரியும். முதல் வருடம் கார்த்திகையில் ஒரு காலை நேரம் மூடாக்கை விலக்கிப் பாருங்கள், கடுகை அள்ளிக் குவித்தாற்போல் நாங்கூழ் (மண்புழு) எச்சம் கிடக்கும். கரையானும் வரும், பெரும்பாலும் காய்ந்ததைத்தான் தின்னும், கன்றின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மூடாக்குப் போட்டால் போதும்.

வீட்டிலிருந்து மண்ணுக்குப் போவதையும் பாருங்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்குழிக்கு. கழிப்பறை இரட்டைக் குழியாக இருக்கட்டும், ஒன்று நிறைந்ததும் மூடி இரண்டு வருடம் விட்டால் மரங்களுக்கு எரு. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள்: 400 சதுர அடிக் கூரையில் 900 மில்லிமீட்டர் மழைக்கு, சேதாரம் போக 25,000 லிட்டர் சேரும், இருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் வருடத்துக்கு 7,300 தான். சோலார் பேனலைக் கம்பிகட்டி இறுக்கிவிடுங்கள், 2018 கஜா உங்கள் ஊர்ப்பக்கம் செய்ததை மறக்க முடியாது.

மாட்டுக்கு வருவோம். நாட்டு மாடு நாளுக்கு 8, 10 கிலோ சாணம் போடும், உண்மை. ஆனால் உங்கள் நிலத்தில் இன்று ஒரு கட்டுப் புல் இல்லை. வைக்கோல் விலைக்கு வாங்கி வளர்த்தால் அந்த மாடு உங்களைத் தின்றுவிடும். வரப்புகளில் கொழுக்கட்டைப்புல்லும் அகத்தியும் வளரட்டும், இரண்டாம் வருடம் கன்றோடு வாங்கலாம். அதுவரை எருவுக்குக் கிடை போடுங்கள். கொள்ளு அறுத்த பிறகு, கோடையில் செம்மறிக் கிடை 50 சென்ட்டில் நாலைந்து ராத்திரி தங்கினால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கும், மறுநாளே லேசாகக் கீறிவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் பாதி சத்து போச்சு. சிவகங்கை, ராமநாதபுரத்துக் கீதாரிகள் (ஆட்டுக்கிடை போடுகிற மேய்ப்பர்கள்) உங்கள் பக்கம் வருவார்கள், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, தை மாதமே பேசி முன்பணம் கொடுத்துவையுங்கள்.