பிரேக் மிதிக்கும்போது மட்டும் அதிர்வு: பின் டிரம்மைச் சோதியுங்கள்

வணக்கம். வீல் பேலன்சிங் செய்து, முன் பிரேக் டிஸ்க்குகளையும் மாற்றிய பிறகும், 60 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் இருக்கை அதிர்கிறது, பெடல் காலை விட்டுவிட்டுத் தள்ளுகிறது, ஆனால் ஸ்டீயரிங் ஆடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முன் பிரேக் கோளாறு பெரும்பாலும் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும் என்பதால், பின் டிரம்கள் (பின் சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற பிரேக் பாகங்கள்) மீதுதான் எனக்குச் சந்தேகம்.

ஆளில்லாத, நேரான, காய்ந்த சாலையில் 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுத்துப் பாருங்கள். கேபிள் மூலம் பின் ஷூக்களை (டிரம்மின் உட்பரப்பை அழுத்தி நிறுத்தும் பிரேக் கட்டைகளை) இயக்கும் வண்டிக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். அதே அதிர்வு வந்தால், டிரம்மின் வட்டம் கெட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். கடுமையாகப் பிரேக் பிடித்த சூட்டோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால், டிரம் ஆறும்போது ஷூவின் மீது சீரற்றுச் சுருங்கி இப்படி ஆவதுண்டு.

டிரம்மைக் கழற்றியதும் உட்பரப்பில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விட்டத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு மெக்கானிக் சரி என்றால் ஏற்காதீர்கள். குறைந்தது நான்கு திசைகளில் அளந்தால்தான் கோணல் தெரியும். கடைந்த பிறகும் டிரம்மில் பொறித்துள்ள உச்ச விட்டத்துக்குள் அடங்குமானால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். வெடிப்பு இருந்தால் இரு பக்க டிரம்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மாட்டுமுன் ஹப்பின் (டிரம்மும் சக்கரமும் பொருந்தும் மையப் பாகத்தின்) முகத்திலுள்ள துருவைச் சுரண்டி எடுப்பதும், வீல் நட்டுகளை எதிரெதிராகச் சீராக முறுக்குவதும் அவசியம்.