ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் நாயகன் ஏன் பெரும்பாலும் முட்டாளாகவே வருகிறான்?

பெயர்தான் 'முட்டாள் இவான்'. ஆள் முட்டாள் இல்லை. பெரும்பாலும் வீட்டில் மூன்றாவது பிள்ளை. கெட்டிக்கார அண்ணன்கள் கணக்குப் பார்த்துக் கோட்டை விடுவார்கள். இவன் இரக்கப்பட்டு ஏதாவது விலங்குக்கு உதவுவான், அதுவே அவனைக் கரைசேர்க்கும்.

இவனையும் மிஞ்சிய சோம்பேறி, இன்னொரு கதையின் நாயகன் எமெல்யா. ரஷ்யக் கிராமத்து அடுப்பு செங்கல்லால் கட்டிய பெரிய மேடை; குளிருக்கு அதன் மேலேயே படுத்துத் தூங்கலாம். அண்ணிகள் விரட்டினால்தான் எமெல்யா அதைவிட்டு இறங்குவான். அப்படித் தண்ணீர் மொள்ளப் போய், சிக்கிய மீனை உயிரோடு விட்டதற்கு வரம் கிடைக்கிறது. அப்புறம் என்ன, அந்த அடுப்பிலேயே சவாரி செய்து அரசனைப் பார்க்கப் போகிறான்!

கோழிக்கால்கள் மேல் நிற்கும் குடிசையில் வாழும் பாபா யாகாவை வெறும் சூனியக்காரி என்று ஒதுக்க முடியாது. உரலில் ஏறி, துடைப்பத்தால் தடத்தை அழித்தபடி போவாள். ஒரு கதையில் ஆளைத் தின்னப் பார்ப்பாள். இன்னொன்றில் சாப்பாடு போட்டு வழி சொல்வாள். எனக்கு இவளைத்தான் பிடிக்கும்.