மாட்டு வாயில் கை விட்டவருக்கு ஊசி வேண்டுமா?

கேள்வி: எங்கள் கறவைப் பசுவை ஐந்து வாரம் முன்பு ஒரு தெருநாய் மூக்கருகே கடித்துவிட்டு ஓடிவிட்டது. சின்னக் காயம்தான், மஞ்சள் வைத்ததில் ஆறிவிட்டது. போன வாரம் திடீரெனத் தீவனம் எடுக்கவில்லை, பாலும் வற்றிப்போனது. வாயில் எச்சில் கயிறாக ஒழுகியது. மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று நினைத்து என் மாமனார் வாய்க்குள் கை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு குரல் கம்மி ஓயாமல் கத்தியது, பின்னங்கால் தள்ளாடி விழுந்தது, ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. புதைத்துவிட்டோம். அந்தப் பாலில் நாங்கள் எல்லோரும் டீ, காபி குடித்தோம். நான்கு வயது மகன் கறந்த சூட்டிலேயே ஒரு டம்ளர் பச்சைப்பால் குடிப்பான். மீதியைச் சொசைட்டிக்கு ஊற்றினோம். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. ஊரே பயந்துபோய் இருக்கிறது. மாமனார் மட்டும், "நாய் கடிச்சது மாட்டைத்தானே, எனக்கு எதுக்குத் தொப்புளைச் சுத்தி ஊசி?" என்கிறார். யார் யாருக்கு ஊசி போட வேண்டும்? இரண்டு மாதக் கன்று ஒன்று இருக்கிறது, அதை என்ன செய்வது?
(திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து, மாமனாரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் விவரித்திருப்பது ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், கண்ட மாட்டின் அடையாளம்தான். மாடு எதையும் முகர்ந்து பார்க்கும் பிராணி. புதிதாக ஒரு நாய் வந்தால் தலையைத் தாழ்த்தி மூக்கை நீட்டும், அதனால் கடி பெரும்பாலும் மூக்கிலோ உதட்டிலோ விழும். ரோமத்துக்குள் காயம் தெரியாது, தெரிந்தாலும் சீக்கிரம் ஆறிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தீனி நின்று, பால் சட்டென்று குறைந்து, குரல் கரகரத்து, விழுங்க முடியாமல் எச்சில் வடியத் தொடங்கும். சில மாடுகள் சாணம் போட வருவதுபோல் முக்கிக்கொண்டே நிற்கும். பின்னங்கால் பலவீனமாகிப் படுத்தால் பிறகு எழுவதில்லை. வெறி பிடித்தால் முட்டும், மிரளும் என்று எதிர்பார்ப்பவர்கள், மாடு சாதுவாகச் சோர்ந்து நிற்பதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். கோமாரி என்கிறார்கள், தொண்டை அடைப்பான் என்கிறார்கள், மாங்கொட்டை சிக்கிக்கொண்டது என்கிறார்கள். அப்புறம் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாய்க்குள் கையை விடுகிறார். அந்த மனிதர்தான் அந்த வீட்டிலேயே மிக அதிக ஆபத்தில் இருப்பவர்.

இறந்த மாட்டின் மூளைத் திசுவைக் கால்நடை மருத்துவ ஆய்வகத்தில் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். நீங்கள் புதைத்துவிட்டீர்கள், தோண்ட வேண்டாம். நாய் கடித்த வரலாறும் இந்த அறிகுறிகளும் சேர்ந்து இருக்கும்போது ரேபிஸ் என்றே எடுத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றும் வகை கிடையாது. கடித்த இடத்தில் சதைக்குள் நுழைந்து, அங்குள்ள நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பின் வழியாகவே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டியபின் நரம்புகள் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கி எச்சிலில் கொட்டுகிறது. ஆகவே நாம் அஞ்ச வேண்டியது எச்சிலை. அந்த எச்சில் கீறல், வெடிப்பு, புண், கண், வாயின் உட்பகுதி இவற்றில் பட்டால்தான் நுழைய வழி கிடைக்கும். நல்ல தோலின் வழியாக அது நுழையாது.

இப்போது உங்கள் மாமனாரின் கையை நினைத்துப் பாருங்கள். தினமும் புல் அறுக்கும் கை, வைக்கோல் பிரிக்கும் கை. அரிவாள் கீறலும், நகக்கண்ணில் வெடிப்பும், உள்ளங்கையில் காய்ப்பும் இல்லாத விவசாயி கையை நான் பார்த்ததில்லை. அதுவும் மாட்டுப் பல்லின் விளிம்பில் உரசாமல் தொண்டைவரை கை விட முடியாது. உலக சுகாதார நிறுவனம் விலங்குத் தொடர்பை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொடுவது, தீனி போடுவது, நல்ல தோலை நக்குவது முதல் வகை, இதற்கு ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை, காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருக்கும் புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் படுவது மூன்றாம் வகை. உங்கள் மாமனார் மூன்றாம் வகை. அவருக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் வேண்டும். தடுப்பூசி போட்டபின் உடம்பு சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸைக் காயத்திலேயே மடக்குவது இம்யூனோகுளோபுலினின் வேலை. முதல் தடுப்பூசியோடு சேர்த்து அதைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் பிறகு அது தேவைப்படாது. சில அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பிவிடுவதும் உண்டு. "எச்சில் புண்ணில் பட்டிருக்கிறது, மூன்றாம் வகை" என்று நீங்களே தெளிவாகச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்து இல்லையென்றால் அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

கை விட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இந்த நோய் பொதுவாக இரண்டு மூன்று மாதம் கழித்தே வெளிப்படும், சிலருக்கு ஒரே வாரத்திலும் வரலாம், ஓராண்டுவரையும் போகலாம். அறிகுறி தொடங்காதவரை எந்த நாளில் ஊசியைத் தொடங்கினாலும் பலன் உண்டு. தொடங்கிவிட்டால் மருத்துவத்தின் கையில் ஏறக்குறைய எதுவும் இல்லை.

தொப்புளைச் சுற்றி ஊசி என்ற அச்சத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்தை வயிற்றில் பத்து, பதினான்கு என்று போட்டார்கள். வலியும் அதிகம், பக்கவிளைவும் அதிகம். குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனமும் பல பத்தாண்டுகள் அந்த வகை மருந்தைத்தான் தயாரித்துத் தந்தது, அது லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றவும் செய்தது. இந்தியாவில் அந்தத் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பு முறையில் தயாராகும் சுத்தமான மருந்து. அரசு மருத்துவமனைகளில் இரண்டு தோள்களிலும் தோலுக்குள் 0.1 மி.லி. போடுவார்கள், கொசு கடித்த தடிப்பு அளவுக்கு ஒரு மேடு எழும்பும், அவ்வளவுதான். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். தசையில் போடும் தனியார் மருத்துவமனைகளில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. எந்த முறையில் தொடங்கினாலும் அதே முறையில் முடியுங்கள். புட்டத்தில் மட்டும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது, அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக வேலை செய்யாது. ஊசி போடும் நாட்களில் கறி, மீன் ஆகாது, பத்தியம் இருக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை, வழக்கம்போல் சாப்பிடட்டும்.

அடுத்து பால். மாடு வெறி வந்து செத்தது என்ற செய்தி பரவியதும், அந்தப் பாலில் டீ குடித்தவர்கள், மோர் வாங்கிப் போனவர்கள், கோயில் அபிஷேகப் பால் குடித்தவர்கள் என்று ஒரு கிராமமே சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும். மாட்டுக்கு மருந்து ஊற்றியவரும் வாயில் கை விட்டவரும் அந்த வரிசையில் இருக்கவே மாட்டார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். மருந்து போதுமான அளவில் இருக்கும் இடத்திலேயே தேவையானவருக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

ரேபிஸ் வைரஸ் வெப்பத்தைத் தாங்காது. கொதிக்கக் காய்ச்சிய பாலில் அது உயிரோடு இருக்காது. டீ, காபி குடித்த யாருக்கும் ஊசி தேவையில்லை. சொசைட்டிக்குப் போன பால் பண்ணையில் 72 டிகிரி வெப்பத்தில் பதப்படுத்தப்படுகிறது, அதை வாங்கியவர்களும் நிம்மதியாக இருக்கலாம். தயிர், மோர் காய்ச்சிய பாலில் உறைந்ததுதான், அதற்கும் அச்சமில்லை.

பச்சைப்பால் குடித்த உங்கள் மகன் விஷயத்தில் மட்டும் சற்று யோசிக்க வேண்டும். பால் குடித்ததால் மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக ஆய்வகத்தில் நிரூபணமான நிகழ்வு ஒன்றும் இல்லை. ஆனாலும் நோயுற்ற மாட்டின் பச்சைப்பாலைக் குடிக்கக் கூடாது என்பதே உலக அளவிலான அறிவுரை. நான்கு வயதுப் பிள்ளையின் வாயில் நாக்குப் புண், கடித்துக்கொண்ட கன்னம் என்று ஏதாவது இருக்கும். அந்த மாட்டை அவன் தடவினானா, எச்சில் பட்ட கையை வாயில் வைத்தானா என்பதும் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்காது. நான் அவனுடைய மருத்துவராக இருந்தால் தடுப்பூசி போட்டுவிடுவேன், பால் மட்டுமே காரணமென்றால் இம்யூனோகுளோபுலின் சேர்க்க மாட்டேன். குழந்தைகளுக்கும் இந்த ஊசி பாதுகாப்பானது. உள்ளூர் மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். கறந்த சூட்டில் பால் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாசத்தில் சொல்வதுதான். ரேபிஸை விட்டுவிட்டாலும் புருசெல்லா (விட்டுவிட்டுக் காய்ச்சலைத் தரும் பாக்டீரியா), காசநோய்க் கிருமி போன்றவை பச்சைப்பால் வழியாகவும் வருகின்றன. இனிமேல் காய்ச்சிக் கொடுங்கள்.

உங்களுக்கு? காய்ச்சிய பால் மட்டும் குடித்திருந்தால், மாட்டைத் தொட்டதோடு சரி என்றால், ஊசி தேவையில்லை. எச்சில் துடைத்த துணியைத் துவைத்தீர்களா, தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்களா, அப்போது கையில் வெட்டுக்காயம் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எச்சில் பட்ட கையில் காயம் இருந்திருந்தாலோ, இருந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலோ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும்போதும் இது தாராளமாகப் போடலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பத்தைக் காரணம் காட்டி யாராவது தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். மூங்கில் குழாயில் மாட்டுக்குக் கஷாயம் ஊற்றியவர், கயிறு பிடித்தவர், குழியில் இறக்கிப் புதைத்தவர் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வெளியேயும் ஊசி தேவைப்படும் ஆள் இருக்கலாம்.

எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொன்று, கடிபட்ட அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் நம்பிக்கை இருந்தால் ஊசி போட்டபின் கட்டிக்கொள்ளுங்கள். நாய் அல்லது பூனை கடித்தால் அதைப் பத்து நாள் கண்காணிக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே, மாட்டுக்கோ ஆட்டுக்கோ குரங்குக்கோ பொருந்தாது. நாய் என்றாலும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

இனி ஊர். உங்கள் பசுவைக் கடித்த நாய் இந்நேரம் இறந்திருக்கும். ஆனால் சாவதற்குள் வேறு எத்தனை நாய்களைக் கடித்ததோ, ஆட்டுப் பட்டிக்குள் நுழைந்ததோ, யாருக்குத் தெரியும்? ஊராட்சித் தலைவரிடமும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வந்து ஊர் நாய்களுக்கு மொத்தமாகத் தடுப்பூசி போட வேண்டும். ரேபிஸால் இறக்கும் மனிதர்களில் 99 சதவீதம் பேருக்கு நோய் நாயிடமிருந்தே வருகிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழியின்றி அற்றுப்போகும். நாய்களை அடித்துக் கொல்ல வேண்டும் என்று உங்கள் ஊரில் இப்போது பேச்சு எழுந்திருக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனால் கொன்ற நாய்களின் இடத்துக்கு, எச்சில் இலையும் குப்பையும் இருக்கும்வரை, வெளியூர் நாய்கள் வந்து சேரும், அவை தடுப்பூசி போடாதவை. கோவாவில் ஊர் ஊராக நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதில், 2017-க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு மனித இறப்பும் பதிவாகவில்லை. மெக்சிகோ நாடு முழுவதும் இதே வழியில் போய், நாய்வழி ரேபிஸால் மனிதர் இறப்பதை முடிவுக்குக் கொண்டுவந்ததாக 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. நம் ஊரில் தெருநாய் என்றாலும் சோறு வைக்கும் வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்தால் நாய் அடங்கி நிற்கும், வலை போட்டுத் துரத்த வேண்டியதில்லை. முகாம் நடக்கும் நாளில் அந்த வீட்டுக்காரர்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கன்று தாயின் பாலையும் குடித்திருக்கும், தாய் அதை நக்கியும் இருக்கும். தனியாகக் கட்டுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள், அதன் வாயில் யாரும் விரல் வைத்துப் பழக்க வேண்டாம், புட்டிப் பால் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கால்நடை மருத்துவரை வரவழைத்துத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள், கடிபட்ட மாட்டுக்கும் நாய் கடித்த உடனே காயத்தைக் கழுவி, தவணை முறையில் ஊசி போட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அன்றைக்கு இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பசுவும் பிழைத்திருக்கலாம். கட்டுத்தறி, தொட்டி, மூக்கணாங்கயிறு எல்லாவற்றையும் கையுறையோடு சோப்புத் தண்ணீரிலும் பிளீச்சிங் பவுடர் கரைசலிலும் கழுவி வெயிலில் உலர விடுங்கள், பழைய கயிற்றை எரித்துவிடுங்கள். புதைத்த இடத்தை நாய் தோண்டாதபடி மேலே முள்ளும் கல்லும் போடுங்கள். மருந்தகத்துக்குப் போக வண்டி இல்லையென்றால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வீட்டு வாசலுக்கே வரும்.