பில் தராத எலக்ட்ரீஷியனிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பல வருடங்களாக வந்துபோகும் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரை அழைத்து, பழைய மெயின் சுவிட்சையும் ஃபியூஸ் போர்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) போர்டு மாட்டச் சொன்னேன். எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு (மூன்று தனிக் கம்பிகளில் மின்சாரம் வருவது). சாமான்களையும் அவரே வாங்கிவந்தார். பில் எதுவும் தரவில்லை. பேசிய தொகையில் கொஞ்சம் ஜிபேயில் போட்டேன், கொஞ்சம் கையில் கொடுத்தேன், மிச்சம் பாக்கி. 11 நாள் கழித்து ஒரு மாலை, ஹால் விளக்குகள் திடீரெனப் பளீரென்று எரிந்தன. அதே நேரம் படுக்கையறை விளக்கு மங்கிப்போனது. ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் டிவி, ஃப்ரிட்ஜ், வாட்டர் ஃபில்டர் மூன்றும் போய்விட்டன. தம்பியைக் கேட்டால், "இ.பி. லைன்ல ஹை வோல்ட்டேஜ் வந்திருக்குக்கா, நான் என்ன பண்ண?" என்கிறார். அவசரத்துக்கு வேறொருவரை அழைத்தோம். நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் கம்பி கருகியிருக்கிறது என்று சொல்லி, அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினார். முதல் தம்பியோ இப்போது, "ஆர்சிசிபி போடச் சொன்னேன், செலவுன்னு நீங்கதான் வேண்டாம்னீங்க" என்று (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனமாம் அது) பழியை என்மேல் திருப்புகிறார். பாக்கிப் பணத்தையும் கேட்கிறார். பில் இல்லாமல் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா? போலீஸில் சொல்லலாமா? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டுவிடு என்கிறார் என் கணவர்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வெட்டியெடுத்த அந்தக் கருகிய நுனி இப்போது எங்கே இருக்கிறது? சட்டப் பிரிவுகளை அப்புறம் பார்ப்போம், முதலில் அதைத் தேடுங்கள். போர்டுக்குப் பக்கத்தில், பரணில், பழைய சாமான் போட்ட பையில் எங்காவது கிடக்கலாம். கிடைத்தால் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பில் இல்லையே என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு இந்தக் கம்பி பற்றித்தான் கவலை. எந்த இடத்தில் எது கருகியது என்பதை வைத்துத்தான் இந்த வழக்கு நிற்கும் அல்லது விழும்.

காரணம் சொல்கிறேன். த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால், ஒரு ஃபேஸில் இருக்கும் சாமான்களும் இன்னொரு ஃபேஸில் இருப்பவையும் தொடராக இணைந்தது போல் ஆகி, 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பாரம் குறைவாக இருக்கும் ஃபேஸுக்கு வழக்கமான 230 வோல்ட்டைத் தாண்டி எங்கோ ஏறிவிடும், பாரம் கூடிய ஃபேஸில் இறங்கிவிடும். ஹாலில் பளீர், படுக்கையறையில் மங்கல் என்று நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதுதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பொதுவாகவே மின்னழுத்தம் (வோல்ட்டேஜ்) கூடி வந்திருந்தால் வீடு முழுக்கப் பளீரென்று எரிந்திருக்குமே தவிர, ஓர் அறையில் மங்கியிருக்காது.

ஆனால் இதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நியூட்ரல் மின்கம்பத்தில் விட்டாலும், கம்பத்திலிருந்து உங்கள் மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரில் விட்டாலும் இதே விளைவுதான். "பக்கத்து வீட்டில் ஒன்றும் ஆகவில்லை" என்பது மட்டும் போதாது. உங்கள் சர்வீஸ் ஒயரில் மட்டும் கோளாறு என்றால் அடுத்த வீட்டுக்கு எதுவும் தெரியாது. மீட்டருக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியது மின்வாரியம். இந்தப் பக்கம், தம்பி கைவைத்த போர்டில் விட்டிருந்தால் தம்பி. நீதிமன்றத்தில் முழுச் சண்டையும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் நடக்கும்.

ஆகவே இரண்டாவதாக வந்த எலக்ட்ரீஷியன்தான் உங்கள் முக்கியச் சாட்சி. எந்தத் தேதியில் வந்தார், எந்த முனையில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, எவ்வளவு நீளம் வெட்டினார் என்று அவர் கைப்பட எழுதி வாங்குங்கள். தொழிலில் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவார்கள். இழுத்தடித்தால் நாளாக ஆக அது கிடைக்காது. நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களை வைத்தே முடிவெடுப்பார்கள் என்பதால், இந்தக் கடிதத்தைப் பின்னால் பிரமாணப் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். கூடவே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு, அன்று மாலை உங்கள் பகுதியில் பழுது ஏதும் பதிவானதா, உங்கள் இணைப்பில் யாராவது பழுது பார்த்தார்களா என்று கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "அன்று எந்தப் பழுதும் இல்லை" என்று ஒரு வரி வந்தாலே "இ.பி. லைன்ல ஹை வோல்ட்டேஜ்" என்ற கதை ஆட்டம் காணும். பதில் குழப்பமாக வந்தால், மின்வாரியத்தையும் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை விட்டுவிட்டு வழக்குப் போட்டு, குற்றம் அவருடையது என்று கடைசியில் தெரிந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பிரிவு 2(7) நுகர்வோர் யார் என்று சொல்கிறது. கட்டணம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது தருவதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பாதி கொடுத்து மீதிக்கு வாக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நிலை மூன்றாவது. பில் வைத்திருப்பவர்தான் நுகர்வோர் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஜிபே பதிவும், "நாளைக்கு வர்றேன்க்கா" வகை வாட்ஸ்அப் செய்திகளும், அவர் பாக்கி கேட்டு அனுப்பியதும் போதும். பாக்கி கேட்பதே வேலை செய்ததற்கான ஒப்புதல்தான்! அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். பில் தராமல் விடுவதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்பது கூடுதல் செய்தி.

"நான் கூலிக்கு வேலை செய்தவன், என்மேல் நுகர்வோர் வழக்கு வராது" என்று எதிர்தரப்பு வக்கீல் ஒரு கல்லை எறிந்து பார்ப்பார். சட்டம் விலக்கியிருப்பது முதலாளி - வேலையாள் உறவில் செய்யப்படும் பணியை மட்டும். வீட்டோடு சம்பளத்துக்கு இருக்கும் ஓட்டுநர் அந்த வகை. தன் திறமையைக் கொண்டு தன் பொறுப்பில் ஒரு வேலையை முடித்துத் தருபவர் அந்த வகையில் வர மாட்டார். மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உரிமம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்; யாரும் கேட்பதில்லை, நானும் என் வீட்டில் கேட்டதில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றுவதை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற ஒயரிங் வேலைகளை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும் என்கின்றன. மெயின் போர்டையே மாற்றுவது இந்த விலக்குக்குள் அடங்காது என்பது என் கருத்து. அவருக்கு உரிமம் இல்லையென்றால் அது கவனக்குறைவைக் காட்ட உங்களுக்கு உதவும். அதே கத்தி உங்கள் பக்கமும் திரும்பும்: "தெரிந்துதானே அழைத்தீர்கள்" என்பார்கள். அதற்காக வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. தொகையில் கொஞ்சம் குறைக்கலாம்.

ஆர்சிசிபி விஷயத்தில்தான் அவர் வசமாக மாட்டிக்கொள்கிறார். அந்தச் சாதனம் பார்ப்பது கசிவை. ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லையென்றால், வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். யாருக்காவது ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அது. நியூட்ரல் விட்டு அழுத்தம் ஏறுவதைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. நீங்கள் அன்று ஆர்சிசிபி போட்டிருந்தாலும் டிவி போயிருக்கும். எனவே "வேண்டாம்னீங்க" என்ற பேச்சு உண்மையாகவே இருந்தாலும் இந்த நஷ்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். (வழக்கு எப்படிப் போனாலும், ஆர்சிசிபியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். செலவு பார்க்கிற இடம் அதுவல்ல.)

என்ன கிடைக்கும் என்பதில் உங்களுக்கு ஆசை காட்ட விரும்பவில்லை. 7 வருட ஃப்ரிட்ஜுக்குப் புது ஃப்ரிட்ஜின் விலை கிடைக்காது, தேய்மானம் கழிப்பார்கள். பழுதுபார்க்க முடிகிற சாமானுக்குப் பழுதுச் செலவுதான். ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் சர்வீஸ் சென்டரில், அதிக அழுத்தத்தால் போனது என்று காரணத்தோடு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மன உளைச்சலுக்கு என்று தருவது பொதுவாகச் சிறு தொகை. தீர்ப்பு வந்தபின் ஒரு தனி எலக்ட்ரீஷியனிடமிருந்து வசூலிப்பதும் லேசில்லை. உத்தரவை மதிக்காதவருக்குச் சிறை வரை சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனாலும் கையில் இல்லாதவரிடம் என்ன எடுக்க முடியும்? வீட்டுக் காப்பீடு இருந்தால் இன்றே அவர்களுக்குத் தகவல் கொடுங்கள். அந்த வழி இதைவிடச் சீக்கிரம் முடியலாம்.

முதலில் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். தேதி, வேலை, கொடுத்த பணம், நடந்தது, நஷ்டக் கணக்கு, 15 நாள் அவகாசம். வக்கீல் எழுதினால்தான் செல்லும் என்பதில்லை. பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே பேசி முடிந்துவிடுகின்றன. உங்களுடையதும் அப்படி முடிந்தால் நல்லதுதான். முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படும். அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நீங்களே வாதாடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பாக்கிப் பணத்தை நிறுத்தி வைக்கலாம். ஆனால் போனை எடுக்காமல் இருப்பது நிறுத்தி வைப்பது ஆகாது. "வேலையில் குறை, அதனால் இத்தனை நஷ்டம், அதில் பாக்கியைக் கழித்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் அனுப்புங்கள்.

போலீஸ் வேண்டாம். யாருக்கும் காயமில்லை, அவர் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்ததாகவும் தெரியவில்லை. பணம் வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலையும் இல்லை. யாருக்காவது ஷாக் அடித்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அப்போது மின் ஆய்வாளர் விசாரணையும் வரும், குற்ற வழக்கும் வரும். வாட்ஸ்அப் யோசனையைப் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: படத்தைப் போட்டு "மோசடிக்காரன்" என்று எழுதினால், அவதூறு வழக்கில் எதிரியாக நிற்பது அந்தத் தம்பி அல்ல, நீங்கள்.

அடுத்த முறை யாரை அழைத்தாலும், வேலை தொடங்குமுன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: என்ன வேலை, என்ன பிராண்டு சாமான், மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதம் பொறுப்பு. அவர் "சரி" என்று பதில் போட்டால் அதுவே ஒப்பந்தம். போர்டை மூடுமுன் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் இருக்கும் சீலில் மட்டும் எவரையும் கைவைக்க விடாதீர்கள், "சும்மா அஞ்சு நிமிஷம்க்கா" என்றாலும். அது உடைந்திருந்தால் மின்வாரியம் கேள்வி கேட்பது உங்களைத்தான்.