எண் பலகையும் ஆர்.சி. புத்தகமும்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வாகனப் பதிவுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பதிவெண், எண் பலகை, பெயர் மாற்றம், வேறு மாநில வண்டி ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விபத்து இழப்பீடு, கடன் தவணைத் தகராறு ஆகியவற்றுக்கு வழக்கறிஞரை அணுகுவதே சரி.

கேள்வி (நாகர்கோவில்): புதிய கார் பதிவு செய்யவிருக்கிறேன். 0007 என்ற எண் வேண்டும். எப்படிப் பெறுவது?

பதில்: வண்டிக்கு எண் ஒதுக்கப்படுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்; ஒதுக்கிய பிறகு மாற்றித் தரும்படி கேட்பதில் பயனில்லை. நாகர்கோவில் அலுவலகத்துக்கு டி.என். 74, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. அந்தந்த அலுவலகத்தில் நடப்பிலுள்ள வரிசையில் நீங்கள் கேட்கும் எண் இனிமேல்தான் வரவிருக்கிறதா, கடந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள். பலரும் விரும்பும் எண்களை அரசு தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றுக்குக் கட்டணம் வேறு. அக்கட்டணத்தை அரசுக் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள், இடைத்தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பக்கத்திலுள்ள கேரளத்தில் முறை வேறு. அங்கே ஒரே எண்ணைப் பலர் கேட்டால் ஏலம் நடக்கும். 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் கே.எல். 01 சி.கே. 0001 என்ற எண் 31 லட்சம் ரூபாய்க்கும், 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கே.எல். 07 டி.ஜி. 0007 என்ற எண் 45.99 லட்சம் ரூபாய்க்கும் போயின. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கும் அவ்வளவு ஆகுமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான்கு இலக்கங்களை மட்டும் கூட்ட வேண்டுமா, 74-ஐயும் சேர்க்க வேண்டுமா?

பதில்: பதிவுச் சட்டத்தில் இதற்கு விடை கிடையாது. நடைமுறையில் பெரும்பாலோர் கடைசி நான்கு இலக்கங்களை மட்டுமே கூட்டுகிறார்கள். மனத்துக்குப் பிடித்த எண்ணைக் கட்டணம் செலுத்திக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் எண் பிடிக்கவில்லை என்பதற்காகப் பதிவையே தள்ளிப்போட்டு வண்டியைச் சாலையில் ஓட்டினால், பதிவில்லாத வண்டி ஓட்டிய குற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஆம் பிரிவின்படி முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேள்வி (கருங்கல்): என் மகள் இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். 2015-இல் தயாரான பழைய கார் வாங்கியிருக்கிறாள். தன் பெயர் எழுத்துகள் வரும்படி எண் வாங்கலாம் என்கிறாள். அது சட்டப்படி முடியுமா? பணம் வீணாகுமா?

பதில்: முடியும், அம்மா. அந்நாட்டின் வாகனப் பதிவுத் துறையே 1989 முதல் இத்தகைய எண்களை விற்று வருகிறது. விலை 250 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. நம் முறைக்கும் அவர்கள் முறைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் பதிவெண் பொதுவாக வண்டியோடு ஒட்டியது. வண்டியை விற்றால் எண்ணும் வண்டியோடே போய்விடும். அங்கே எண்ணைப் பயன்படுத்தும் உரிமை ஒருவருக்குத் தனியாக வழங்கப்படுகிறது. அதை ஒரு காரிலிருந்து எடுத்து, 80 பவுண்டு கட்டணம் செலுத்தித் தன் பெயரில் நிறுத்திவைத்து, பிறகு வேறு காருக்கு ஏற்றிக்கொள்ளலாம். நிறுத்திவைத்ததற்கான சான்று பத்தாண்டுகள் செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மகள் கவனிக்க வேண்டியது ஆண்டுக் குறியீடு. 2001 செப்டம்பரிலிருந்து அங்கே வழங்கும் எண்ணில் முதல் இரண்டு எழுத்துகள் பகுதியையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் பதிவான காலத்தையும் காட்டும். கடைசி மூன்று எழுத்துகளுக்குத் தனிப் பொருள் இல்லை. மார்ச் முதல் பதிவாகும் வண்டிக்கு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், செப்டம்பர் முதல் பதிவாகும் வண்டிக்கு அவற்றோடு 50 கூட்டிய எண்ணும் வரும். ஆகவே 2022 மார்ச் வண்டிக்கு 22, அதே ஆண்டு செப்டம்பர் வண்டிக்கு 72. ஒரு வண்டியை அதன் உண்மையான வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை அதில் பொருத்தக்கூடாது என்பது உறுதியான விதி. 2015 காருக்கு 22 உள்ள எண்ணை மகள் வாங்கினால் அந்தக் காரில் போட முடியாது; அதைவிடப் பழைய ஆண்டைக் காட்டும் எண்ணையோ, ஆண்டே தெரியாத எண்ணையோ போடலாம். வட அயர்லாந்து எண்களில் ஆண்டுக் குறியீடு இல்லாததால்தான் பலர் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

எழுத்துகளைப் பெயர் போலத் தோன்றச் செய்வதற்காக இடைவெளியை நகர்த்துவதும் திருகாணியை எழுத்தின் பகுதிபோல வைப்பதும் அங்கே குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு, ஆண்டுப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. காரை விற்கும்போது எண்ணை முதலில் பிரித்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுக்காமல் விற்றால் எண்ணும் கார் வாங்கியவருக்குப் போய்விடும்.

கேள்வி (தக்கலை): பைக்கில் 8055 என்பதை 'பாஸ்' (BOSS) என்று படிக்கும்படி எழுதியிருக்கிறேன். காவலர் அபராதம் விதித்தார். எண் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: எண் சரி, எழுதிய விதம் தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 50, 51-ஆம் விதிகள் எழுத்தின் வடிவத்தையும் அளவையும் வரையறுத்துள்ளன. பைக்கின் பின்பலகையில் எழுத்து 35 மில்லிமீட்டர், இலக்கம் 40 மில்லிமீட்டர் உயரம். முன்பலகையில் இரண்டும் 30 மில்லிமீட்டர். காருக்கு உயரம் 65, கோட்டின் தடிமன் 10, இடைவெளி 10 மில்லிமீட்டர். ஆங்கில எழுத்தும் சர்வதேச இலக்கமும் மட்டுமே அனுமதி. தமிழில் எழுத வேண்டும் என்று விரும்புவோரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் இன்றைய விதி அதற்கு இடம் தரவில்லை. முதல் முறை 500, மறுமுறை 1,500 ரூபாய் அபராதம்.

விபத்து செய்துவிட்டு ஓடும் வண்டியின் எண்ணை, நடந்து போகிற ஒரு மூதாட்டி ஒரு நொடிக்குள் படித்து நினைவில் வைக்க வேண்டும். அதற்காகவே இந்த அளவுகள் இருக்கின்றன. அலங்கார எழுத்து அந்த ஒரு நொடியைப் பறித்துவிடுகிறது. மேலும் 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். ஹோலோகிராம், லேசரில் பொறித்த தனி எண், ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படாத பூட்டு ஆகியவை அதில் உண்டு. அதைக் கழற்றிவிட்டுக் கடையில் செய்த பலகையை மாட்டுவது இன்னும் பெரிய தவறு.

கேள்வி (களியக்காவிளை): பாறசாலையில் ஒருவரிடம் கே.எல். 19 கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பெயர் இன்னும் அவர் பெயரில்தான். பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: முதலில் பெயர். இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுத நேர்ந்தாலும் எழுதுவேன்: ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் பெயர் மாறாமல் வண்டியை வாங்காதீர்கள், விற்காதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேரும் என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை உங்கள் கையால் ஒரு விபத்து நேர்ந்தால் பாறசாலைக்காரர் நீதிமன்றம் ஏறுவார். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எட்டு மாதம் கடந்துவிட்டீர்கள்.

விற்றவர் மூலம் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றுக்கு உடனே விண்ணப்பிக்கச் செய்யுங்கள். வரி பாக்கியோ செலுத்தாத அபராதமோ இருந்தால் தீர்க்க வேண்டும்; கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் அலுவலகம் சான்று தரவோ மறுக்கவோ செய்யாவிட்டால், வழங்கியதாகவே கொள்ள வேண்டும் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே விண்ணப்ப ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு படிவம் 27-இல் புதிய பதிவெண்ணுக்கும், 29, 30-இல் பெயர் மாற்றத்துக்கும் மார்த்தாண்டத்தில் விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மாதம் என்பது புதிய எண் பெறுவதற்கான கெடு மட்டுமே; தமிழ்நாட்டு வரிக்கு அது விலக்கு ஆகாது.

கேள்வி (குழித்துறை): மேலே நீங்கள் சொன்னதை ஏற்க முடியாது. 47-ஆம் பிரிவு பன்னிரண்டு மாதம் தருகிறது. அதற்குள் வரி கேட்க யாருக்கும் அதிகாரமில்லை.

பதில்: இரண்டு சட்டங்களை ஒன்றாகப் படிக்கிறீர்கள். 47-ஆம் பிரிவு மத்தியச் சட்டம். வேறு மாநிலத்தில் பதிவான வண்டி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்பதே அதன் பொருள். வரியோ தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் 1974-இன் கீழ் வருவது. பொதுச்சாலையில் பயன்படுத்தும், அல்லது பயன்படுத்துவதற்காக வைத்திருக்கும் வண்டிக்கு அது விதிக்கப்படுகிறது. எண்ணுக்கான கெடுவை வரிக்கான விலக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி (அருமனை): மாதம் ஒருமுறை எல்லை தாண்டிப் போய்வந்தால் பன்னிரண்டு மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும் அல்லவா?

பதில்: தொடங்காது. வண்டி வழக்கமாக எங்கே நிறுத்திவைக்கப்படுகிறது என்பதையே 40-ஆம் பிரிவு பார்க்கிறது. இரவில் வண்டி அருமனையில் நிற்கிறது என்றால் அது அருமனை வண்டி. எப்போது இங்கே வந்தது என்று காட்டவேண்டிய நிலை வந்தால் காப்பீட்டு முகவரி, சர்வீஸ் பில், ஃபாஸ்டாக் பதிவு எல்லாம் சாட்சியாகும்.

கேள்வி (குழித்துறை, மீண்டும்): கேரளத்தில் பதினைந்து ஆண்டுக்கு வரி கட்டியாகிவிட்டது. ஒரே நாட்டில் ஒரே வண்டிக்கு இரண்டு முறை வரியா? இது நியாயமா?

பதில்: இந்தக் கேள்வி நியாயமானது, இதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். வாகன வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதிக்கிறது. மீதமுள்ள காலத்துக்கான வரியைப் பழைய மாநிலத்திடம் திரும்பக் கேட்கலாம். இங்கே வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்த ஆயுள் வரியைச் செலுத்தலாம். ஆனால் முதலில் இங்கே கட்டிவிட்டு அங்கே திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும் என்பதால், சாதாரணக் குடும்பத்துக்கு அது சுமைதான்.

நம் மாவட்டத்தின் நிலைமை தனியானது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு பல குடும்பங்களின் நடுவே ஓடியது. வீடு களியக்காவிளையிலும் கடை பாறசாலையிலும் வைத்திருப்பவர் நாள்தோறும் இரண்டு மாநிலச் சாலைகளிலும் ஓட்டுகிறார். இத்தகையோருக்காக இரண்டு அரசுகளும் பேசி ஒரு தனி ஏற்பாடு செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஏற்பாடு வரும்வரை சட்டத்தை ஏய்ப்பதற்கு நான் வழி சொல்லமாட்டேன். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுள் வரி 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று உயர்ந்த பிறகு, வேறு மாநில முகவரியில் பதியும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிவு செய்த சொகுசு கார்களுக்காகக் கேரளத்தில் 2017-இல் காவல் துறை வழக்குகளே போட்டது நினைவிருக்கட்டும்.

கேள்வி (கொல்லங்கோடு): கே.எல். வண்டியைப் பன்னிரண்டு மாதம் ஓட்டலாமா?

பதில்: மேலே களியக்காவிளை, குழித்துறை, அருமனை நண்பர்களுக்கு எழுதியவற்றைப் படியுங்கள். இதே கேள்வி இனி வந்தால் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (ராஜாக்கமங்கலம்): கூட்டுத்தொகை எட்டு வந்துவிட்டது. எண்ணை மாற்ற முடியுமா?

பதில்: அந்தக் காரணத்துக்காக மாற்றித் தரமாட்டார்கள். குளச்சல் நண்பருக்கான பதிலையும் பாருங்கள்.

கேள்வி (தேங்காப்பட்டணம்): துபாயில் எண் பலகையைச் சொத்துபோல விற்கிறார்கள். அங்கே அதிக விலைக்குப் போனது எது?

பதில்: 2023 ஏப்ரலில் நடந்த அறக்கொடை ஏலத்தில் பி 7 என்ற எண் 5.5 கோடி திர்ஹாமுக்குப் போனது. அதற்கு முன் 2008-இல் அபுதாபியில் 1 என்ற எண் 5.22 கோடி திர்ஹாம் பெற்றிருந்தது. இலக்கம் குறையக் குறைய மதிப்பு கூடும். ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: அந்த உரிமைக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை, அங்கேயே முறைப்படி விற்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய காரை நான் ஓட்டுகிறேன். அவர் ஆசைப்பட்டு வாங்கிய எண் போய்விடுமா?

பதில்: எண் போகாது, தம்பி, மாநிலத்துக்குள் பெயர் மட்டும் மாறும்போது பதிவெண் அப்படியே நிற்கும். ஆனால் இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பித்திருக்க வேண்டும். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு இந்த வாரமே போங்கள். அதுவரை காரை வெளியே எடுக்க வேண்டாம். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி (சுசீந்திரம்): இராணுவத்தில் இருக்கிறேன். பி.எச். (பாரத்) வரிசைப் பதிவெண் எனக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 2021-இல் தொடங்கிய இவ்வரிசை இராணுவத்தினர், மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. வரி இரண்டிரண்டு ஆண்டாகச் செலுத்தப்படும். மாற்றல் ஆகும்போது எண் மாற்ற வேண்டாம்.

கேள்வி (பத்மநாபபுரம்): தாத்தாவின் 1960-களின் கார் ஓடும் நிலையில் இருக்கிறது. பழைய எண்ணோடு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல அமைப்பில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால், 2021-இல் வந்த விதிகளின்படி பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு. பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் அவ்விதிகளில் இடமுண்டு. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே அதை ஓட்டலாம்; அன்றாடம் சந்தைக்குப் போக முடியாது.

கேள்வி (இரணியல்): என் பைக் மாவட்டம் தாண்டியதே இல்லை. கோயம்புத்தூரில் தலைக்கவசம் இல்லாமல் போனதாக அபராதம் வந்திருக்கிறது.

பதில்: யாரோ உங்கள் எண்ணைப் பலகையில் எழுதி ஓட்டுகிறார்கள். அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இணையத்தில் அபராதச் சீட்டோடு உள்ள படத்தை எடுத்து, நிறம், மாடல், கண்ணாடி, பலகையின் எழுத்து ஆகியவற்றை உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். வேறுபாடுகளைக் குறித்து, உங்கள் வண்டியின் நான்கு பக்கப் படங்கள், சேசிஸ் எண்ணின் படம், ஆர்.சி. நகல் ஆகியவற்றோடு இரணியல் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே ரசீதை இணைத்து இ-செல்லான் தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதியில் பதியுங்கள். புகார் எண் கையில் இருந்தால், அந்தப் போலி வண்டி வேறெதிலாவது சிக்கும்போது உங்களைத் தேடி வருகிறவர்களுக்குக் காட்டலாம்.