ஒரு வரியும் அதன் காரணமும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழில், நிரல் துணுக்குகளையும் கான்ஃபிக் குறிப்புகளையும் டீமுக்குள் பகிர்ந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், கோவையில் 21 ஆண்டுகளாக சர்வர் வேலை பார்த்துவரும் நம் பத்தியாளர்.

கேள்வி: எங்கள் டீமில் எட்டுப் பேர். உபயோகமான கமாண்ட், கான்ஃபிக் எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டுக்கொள்கிறோம். ஆனால் அங்கிருந்து எடுத்து டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரை) ஒட்டினால் பாதி நேரம் வேலை செய்வதில்லை. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் தட்டிய எழுத்தும் அங்கே போய்ச் சேர்ந்த எழுத்தும் ஒன்றாக இல்லை, அதுதான் காரணம். ஐபோன் கீபோர்டில் நேர் மேற்கோள் குறியைத் தட்டினால் அது வளைந்த குறியாக மாறிவிடும். அடுத்தடுத்து இரண்டு சிறு கோடுகள் போட்டால் ஒரே நீளக் கோடாகிவிடும். வேர்டிலும் இதே தொல்லைதான். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கமாண்டைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்கு அப்படியில்லை. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் அகப்பட்ட சொல் தடித்த எழுத்தாகி, நட்சத்திரங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அவசரத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முன்னும் பின்னும் மும்மூன்று பேக்டிக் (`) போட்டு அனுப்புங்கள். ஆனால் குறிப்புகள் தங்கும் இடம் அதுவாக இருக்க வேண்டாம். புராஜெக்ட் இருக்கும் அதே கிட் ரெப்போவில் (மாற்றங்களைப் பதிவு செய்துவரும் கோப்புக் களஞ்சியம்) ஒரு ஃபோல்டர் போட்டு, சாதா டெக்ஸ்ட் கோப்புகளாக வையுங்கள். யார், என்றைக்கு, எதை மாற்றினார் என்பது அதிலேயே பதிவாகும். கிரெப் என்ற தேடல் கமாண்டை அடித்தால் தேடியது கிடைக்கும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சீனியர்கள் சொல்லித்தரும் கமாண்டுகளை எழுதி வைக்கிறேன். அடுத்து வருகிறவர்களுக்கும் கொடுக்க ஆசை. ஒரு குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் மேடம்?
– வாசகி, திருச்சி

பதில்: கமாண்ட் மட்டும் போதாதும்மா. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதும் கூடவே வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கும் வரியை ஒரு சகஊழியர் கேட்டார். அன்றைய தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கும் வரி அது. தேதியைக் கேட்கும் இடத்தில் ஒரு % குறி வரும். நான் டெர்மினலில் ஓட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே கிரான்டேப்பில், அதாவது குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியலில், போட்டுவிட்டார். என் சொந்த கிரான்டேப்பில் அதே % குறிக்கு முன் ஒரு \ இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிரான்டேப்பில் தனியாக ஒரு % வந்தால் கிரான் அதை வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். அதுவரை உள்ளதுதான் கமாண்ட், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அந்தக் கமாண்டுக்கு உள்ளீடு. ஆக எங்கள் வரி பாதியில் அறுந்து, ஒவ்வொரு இரவும் பிழையோடு நின்றது. பிழைச் செய்தியை கிரான் ஒழுங்காக அந்த சர்வரின் உள்ளூர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. 19 நாள் கழித்து ஒரு டேபிள் தவறுதலாக அழிந்தபோதுதான் பேக்கப் இல்லை என்று தெரிந்தது. அச்சடித்த பில்களை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். கூட உட்கார்ந்தவர்களில் அந்த சகஊழியரும் ஒருவர். தப்பு தன்னுடையது என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அந்தக் குறிப்பை இப்போது நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“இரவு பேக்கப். நேரம்: 30 20 * * * (தினமும் 20:30) – சர்வர் கடிகாரம் யூடிசி (உலகப் பொது நேரம்), நமக்கு அதிகாலை 2 மணி. கோப்புப் பெயரில் வரும் % குறிக்கு முன் \ கட்டாயம். இல்லாவிட்டால் கிரான் வரியை அங்கேயே முறித்துவிடும், டெர்மினலில் ஓட்டும்போது இது தெரியாது. சோதித்தது: உபுண்டு 22.04. சரிபார்க்க: காலையில் முந்தைய நாள் தேதியில் (யூடிசிப்படி அதுதான் தேதி) கோப்பு வந்திருக்கிறதா, அளவு அதற்கு முந்தைய கோப்பின் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும்.”

எழுத ஐந்து நிமிஷம் ஆகும். “சரிபார்க்க” என்ற அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் எந்தக் குறிப்பிலும் விட்டுவிடாதே.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு கான்ஃபிக் கோப்பை ரெப்போவில் போட்டுவிட்டேன். அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன். போதும்தானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: போதாது. பழைய கமிட்டில் (பதிவில்) அது அப்படியே இருக்கிறது, ரெப்போவை குளோன் செய்த (பிரதி எடுத்த) எல்லோரிடமும் இருக்கிறது. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இன்றைக்கே. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். இனிமேல் பகிர்வதற்கென்று மதிப்புகள் காலியாக உள்ள மாதிரிக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, நிஜக் கோப்பின் பெயரை, கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டிய கோப்புகளின் பட்டியலான கிட்-இக்னோரில் சேர்த்துவிடுங்கள். மேலிடத்தில் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: பத்து வருஷம் கஷ்டப்பட்டுக் கற்றதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மதிப்பு? நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, சார். வேலைச் சந்தை இருக்கும் நிலையில் யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் வந்த, யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முதல் கையேட்டைப் பாருங்கள். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. கமாண்டின் பக்கங்களில் விளக்கத்தோடு ‘பக்ஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கும். எது சரியாக வேலை செய்யாது என்பதை எழுதியவர்களே அங்கே சொல்லியிருப்பார்கள். ‘ஓனர்’ என்று இன்னொரு தலைப்பு, அதில் பொறுப்பாளரின் பெயர். குறையையும் எழுதி, கீழே தங்கள் பெயரையும் போட்டார்கள். அவர்கள் மதிப்பு குறைந்ததா?

நான் பார்த்தவரை, ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் விஷயம் அவரைத்தான் கட்டிப்போடுகிறது. தீபாவளி அன்று காலை எட்டு மணிக்கு போன் வருவது அவருக்குத்தான். குறிப்பை எழுதி உங்கள் பெயரைப் போட்டு வையுங்கள், சார்.

கேள்வி: எனக்கு ஆங்கிலத்தில் சரளமாக எழுத வராது. அதனாலேயே எதையும் பகிராமல் இருக்கிறேன். குறிப்பைத் தமிழில் எழுதினால் தப்பா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தப்பே இல்லை. எழுதாமல் விடுவதைத்தான் நான் தப்பு என்பேன். டீமில் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் என்றால் கமாண்ட் அது இருக்கும்படியே இருக்கட்டும், காரணத்தைத் தமிழில் எழுது. பிற மாநிலத்தவர் இருந்தால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுது. இலக்கணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் உள்ள பழைய புராஜெக்டுகளில் ஒரு எண் அடிக்கடி கண்ணில் படும்: 191. டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) நீளத்தை 255 என்று வைக்காமல் ஏன் 191 என்று வைத்தார்கள் என்று யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர் 255 ஆக்குவார், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் போடும்போது பிழை வரும், ஒரு நாள் போகும். அதற்கு இப்படி ஒரு குறிப்பு இருந்தால் போதும்:

“மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 என்ற எழுத்துக் குறியாக்கம் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகவே ஏறும். வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்மைலி போட்டால் அது 4 பைட், உடனே பிழை 1366. அதனால் 4 பைட்டையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினோம். இந்த சர்வரில் இண்டெக்ஸின் உச்ச அளவு 767 பைட். 4-ஆல் வகுத்தால் 191 எழுத்துக்குறிதான் கொள்ளும். புது சர்வருக்குப் போகும்வரை இந்த எண்ணை மாற்ற வேண்டாம்.”

இதில் நீ எழுத முடியாத வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா? உன் புராஜெக்டில் இப்படிக் காரணம் தெரியாமல் நிற்கும் ஓர் எண்ணைத் தேடிப் பிடி. யாரிடமாவது கேட்டு, இந்த வாரமே எழுதிப் போடு.